முகாமில் மகன் பாயை நனைத்துவிட்டால்?

கெப்போங்கிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய ஒரே மகனுக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். பிறந்ததிலிருந்து ஒரு மாதம்கூடத் தொடர்ச்சியாகப் படுக்கை நனையாமல் இருந்ததில்லை. இப்போதும் வாரத்தில் நான்கைந்து இரவுகள் நனைத்துவிடுகிறான். பகலில் எந்தத் தொல்லையும் இல்லை. இன்னும் ஐந்து வாரத்தில் வரும் பள்ளி விடுமுறையில், கணவரின் அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம் என்று மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஜண்டா பாய்க்கில் ஆற்றோரமாகக் கூடாரம் போட்டு இரண்டு இரவுகள் தங்குவதாக முடிவாகியிருக்கிறது. பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே கூடாரம். மாமியார், "அவனைக் கிள்ளானில் என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், நாலு பேர் முன்னால் ஏன் மானம் போகவேண்டும்" என்கிறார். கணவர், "ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காதே, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். மகனோ நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறான். "அழைத்துப் போகலாமா, கூடாதா? இரண்டு நாளைக்கு மட்டும் கொடுக்க ஏதாவது மாத்திரை உண்டா? மற்றப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? போன வாரம் பொறுக்க முடியாமல் அவனை அடிக்க ரோத்தானை (பிரம்பை) எடுத்துவிட்டேன் டாக்டர், அதை நினைத்தால் எனக்கே தூக்கம் வரவில்லை" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அழைத்துப் போங்கள். மற்றவற்றை எல்லாம் விளக்கமாக எழுதுகிறேன். ஆனால் இந்த ஒன்றில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை. அண்ணன்மாரும் தங்கைகளும் ஆற்றில் குளித்துவிட்டு வந்து கதைகதையாகச் சொல்லும்போது தான் மட்டும் பாட்டி வீட்டில் இருந்ததற்கான காரணம் அவனுக்குத் தெரியாமல் போகாது. படுக்கை நனைவதைவிட, அதற்காகத் தன்னை ஒளித்துவைத்தார்கள் என்ற எண்ணம்தான் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் தங்குகிறது. என்னிடம் வந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, சித்தி வீட்டுக்குப் போன இடத்தில், நனைத்துவிடுவோமோ என்று பயந்து விடியும்வரை சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். காலையில் அவள் பாய் உலர்ந்திருந்தது என்று வீட்டார் மகிழ்ந்தார்கள். அவள் தூங்கவே இல்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆகவே இந்த இரண்டு இரவுகளும் உலர்ந்து கழியவேண்டும் என்பதை நம் நோக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். நனைந்தாலும் ஐந்து நிமிடத்தில் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு அவன் மறுபடியும் உறங்கவேண்டும் என்பதே போதும்.

உங்கள் மகனுக்கு இருப்பது சோம்பலும் அல்ல, பிடிவாதமும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. நாம் உறங்கும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரெசின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, "இப்போது நீரைக் குறைவாக வெளியேற்று" என்று சிறுநீரகங்களுக்குத் தெரிவிக்கிறது. சில பிள்ளைகளுக்கு இந்த இரவுச் சுரப்பு முழுமையாக அமையச் சில ஆண்டுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. அதனால் இரவிலும் பகலைப் போலவே சிறுநீர் சேர்கிறது. வேறு சிலருக்குச் சிறுநீர்ப்பை வயதுக்கு உரிய அளவைத் தாங்குவதில்லை. இவர்கள் எல்லாருக்கும் பொதுவானது ஒன்று உண்டு: பை நிறைந்துவிட்டது என்று உடல் தரும் எச்சரிக்கை அவர்களின் உறக்கத்தைக் கலைப்பதில்லை. எழுப்பினாலும் எழாமல், கண்ணைத் திறந்தும் திறக்காமலும் தள்ளாடி நடந்து, காலையில் "நான் எழுந்ததே இல்லையே" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை.

ஏழு வயதில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருக்கிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். முப்பது பேர் படிக்கும் வகுப்பு என்றால் உங்கள் மகனோடு இன்னும் ஒருவரோ இருவரோ அதே காலையைத்தான் தங்கள் வீட்டில் சந்திக்கிறார்கள். யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே ஆண்டுதோறும் இவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் தாமாகவே இதிலிருந்து விடுபடுகிறார்கள்.

உங்கள் கணவரே பத்து வயதுவரை பாயை நனைத்தவர் என்று மாமியார் வாய்தவறிச் சொன்னதைக் கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் மிகவும் முக்கியமாகப் பட்டது. பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வருவதற்கான வாய்ப்பு சுமார் 44 விழுக்காடு. இருவருக்கும் இருந்திருந்தால் 77 விழுக்காடு வரை போகிறது. முகாமுக்கான ஏற்பாடுகளில் முதலாவதாக நான் கேட்டுக்கொள்வது, உங்கள் கணவர் ஒருநாள் மாலை மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பாவுக்கும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தது, பிறகு நின்றுவிட்டது" என்று தம் வாயால் சொல்லவேண்டும் என்பதுதான். அவருக்கு இது எளிதாக இராது. அவர் காலத்தில் அவருக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆனாலும் மருத்துவர் நான் நூறு முறை சொல்வதைவிடத் தந்தை ஒருமுறை சொல்வது அந்தப் பிள்ளைக்குப் பெரிது.

இனி முகாமுக்கு என்ன எடுத்துச் செல்வது என்று பார்ப்போம். மலேசியக் காட்டில் இரவைக் கழிக்க அடர்ந்த பஞ்சு வைத்த தூங்கும் பை பெரும்பாலும் தேவையில்லை. ஜண்டா பாய்க்கில் கோலாலம்பூரைவிடக் குளிர் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் நனைந்த தூங்கும் பையை அந்த ஈரக் காற்றில் உலர்த்துவது பெரும்பாடு. அதனால் மகனுக்குப் பாய்மேல் விரிப்பாக அமைத்துக்கொள்ளுங்கள். அடியில் மெல்லிய பாய், அதன்மேல் குழந்தைகளுக்கு விரிக்கும் ரப்பர் ஷீட், அதன்மேல் நன்றாக நீரை உறிஞ்சும் பழைய துவாலை, அதன்மேல் கைலி. இதே மூன்றையும், அதாவது ரப்பர் ஷீட், துவாலை, கைலி ஆகியவற்றை, அதற்கு மேலே இன்னொரு முறை அடுக்குங்கள். இரவில் நனைந்தால் மேலே உள்ள மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி எடுத்துவிட்டால், அடியில் உலர்ந்த படுக்கை தயாராக இருக்கும்; இருட்டில் விரிப்பைத் தேடவேண்டியதில்லை, யாரையும் எழுப்பவேண்டியதில்லை. போர்த்திக்கொள்ளவும் கனமான போர்வையைவிட இரண்டு கைலிகள் மேல். துவைத்துப் பிழிந்து போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். கூடாரத்தின் தரை நீர் புகாத துணியால் ஆனது என்பதால் வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வராது என்பது போலவே, உள்ளே சிந்தியதும் வெளியே போகாமல் பக்கத்தில் படுத்திருப்பவரை நோக்கி ஓடும். ஆகவே ரப்பர் ஷீட் அவன் உடம்பைவிட இரு பக்கமும் ஒரு சாண் அகலமாக இருக்கட்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கூடாரத்தில் படுக்கவைக்கும் திட்டத்தை மட்டும் சற்று மாற்றச் சொல்வேன். உங்கள் மகனைத் தனியே பிரித்தால் அதுவே கேள்வியாகிவிடும். அதற்குப் பதிலாக, பிள்ளைகள் கூடாரத்தில் பெரியவர் ஒருவர் படுப்பது என்று பொதுவாகவே முடிவுசெய்து, அந்தப் பெரியவராக உங்கள் கணவர் இருக்கட்டும். காட்டில் சிறு பிள்ளைகள் மட்டும் ஒரு கூடாரத்தில் இருப்பது எப்படியும் நல்லதல்ல என்பதால் யாருக்கும் இது வித்தியாசமாகத் தோன்றாது. வாசலை ஒட்டிக் கணவர், அவரை அடுத்து மகன், பிறகு மற்றவர்கள் என்ற வரிசை போதும்.

இழுத்து அணியும் டயப்பர், நம் வீடுகளில் 'பேம்பர்ஸ்' என்று பொதுவாகச் சொல்வது, இந்த வயதில் போடலாமா என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். போட்டால் பழக்கமாகிவிடும், பிறகு நிறுத்தவே முடியாது என்ற அச்சத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை. முகாம் போன்ற இடத்தில் அது ஒரு பிள்ளைக்குத் தரும் நிம்மதி பெரியது. ஆனால் அவன் சம்மதிக்கவேண்டும். "நீ என்ன குழந்தையா" என்ற பேச்சு ஒருமுறை காதில் விழுந்திருந்தால் மறுப்பான். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், மேலே சொன்ன விரிப்பே போதுமானது. சம்மதித்தால், எல்லாரும் பல் துலக்கிவிட்டு வரும் நேரத்தில் கழிவறையிலேயே அதை அணிந்து, மேலே தளர்வான கறுப்பு அல்லது கருநீலக் கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளட்டும். அந்த நிறங்களில் ஈரம் எளிதில் தெரியாது. மெல்லிய துணியாக இருந்தால் நடக்கும்போது சரசரப்பு கேட்கும். பிள்ளைகளின் காது அதைப் பிடித்துவிடும் என்பதால் சற்றுத் தடித்த பருத்தித் துணியே நல்லது.

கட்டி மூடக்கூடிய நீர்புகாப் பை ஒன்றும், தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பைகள் நான்கும், ஈரத் துடைப்புத் தாள்களும், மாற்றுடை இரண்டு செட்டும், தலையில் மாட்டும் சிறிய விளக்கு ஒன்றும் அவனுடைய பையில் இருக்கட்டும். நனைந்த துணியை அப்படியே மூடி வைத்தால் சில மணி நேரத்தில் அம்மோனியா வாடை கிளம்பிவிடும். காலையில் முதல் வேலையாக முகாமின் குளியலறைத் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டால் வாடையே இராது. ஆற்றில் அலச வேண்டாம். கீழே யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள். குளித்தபின் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வாசலின் போன்ற களிம்பை மெல்லியதாகத் தடவினால் நம் நாட்டு வெக்கையில் ஈரத்தால் வரும் தடிப்பைத் தவிர்க்கலாம்.

இந்த ஏற்பாடுகளையெல்லாம் முகாமுக்குப் போய் முதன்முதலாகச் செய்யாதீர்கள். அடுத்த வாரம் முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் வரவேற்பறையில் விளக்கை அணைத்துவிட்டு, பாயில் அந்த அடுக்கு விரிப்பைப் போட்டு, மகனும் அப்பாவும் படுத்துப் பார்க்கட்டும். நனைந்தால் மேல் அடுக்கைச் சுருட்டுவதையும், உடை மாற்றுவதையும், பையின் வாயை மடித்துக் கட்டுவதையும் அவனே தலைவிளக்கின் வெளிச்சத்தில் செய்து பழகட்டும். நான்கு வாரத்தில் அது அவன் கைக்கு வந்துவிடும். தன்னால் சமாளிக்க முடிகிற ஒன்றுக்குப் பிள்ளைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை.

அடுத்தது தண்ணீர். கணவர் சொல்வதில் பாதி சரி. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து குடிப்பதைக் குறைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் மாலை ஆறு மணிக்கே பூட்டுப் போடுவது தவறு. காலை முதல் ஆற்றிலும் வெயிலிலும் ஓடியாடிய பிள்ளைக்குத் தண்ணீரை மறுத்தால் உடல் வறண்டு, தலைவலி வரும், மலமும் இறுகும். நான்கு முதல் எட்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1,000 முதல் 1,400 மில்லிலிட்டர் வரை நீராகாரம் தேவை. வெயில் நாளில் இன்னும் கூடும். அதில் பெரும்பகுதியைக் காலையிலும் மதியத்திலும் குடிக்கவைத்துவிட்டால், இரவில் அவனே அதிகம் கேட்கமாட்டான். முகாம் என்றால் இரவு எட்டு மணிக்கு மேகி மீ, கெரோப்போக், சாத்தே என்று உப்பு மிகுந்த பண்டங்கள்தாம் நெருப்பைச் சுற்றி வலம்வருகின்றன. உப்பு தாகத்தைக் கூட்டுகிறது, சிறுநீரையும் கூட்டுகிறது. அதற்குமேல் ஒரு பெரிய குவளை மைலோ, ஒரு துண்டு தர்பூசணி என்றால், எந்தச் சிறுநீர்ப்பை தாங்கும்? இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தேத் தாரிக், தே ஓ, கோலா ஆகியவற்றில் உள்ள காஃபின் சிறுநீரைத் தூண்டும் என்பதால் அவை மாலையில் வேண்டாம். அண்ணன்மார் குடிக்கும்போது அவனுக்குக் கேட்கத் தோன்றும் என்றால், அன்று மாலை பிள்ளைகள் யாருக்குமே அவை இல்லை என்று ஆக்கிவிடுவது நியாயமாக இருக்கும்.

மலச்சிக்கலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பெற்றோர் பெரும்பாலும் எழுதுவதில்லை, நானும் தொழிலுக்கு வந்த புதிதில் கேட்காமல் விட்டிருக்கிறேன். பெருங்குடலின் கடைப்பகுதியில் தேங்கிய மலம் முன்னாலுள்ள சிறுநீர்ப்பையை அழுத்தி அதன் கொள்ளளவைக் குறைத்துவிடுகிறது. மலச்சிக்கலைச் சரிசெய்தாலே இரவில் நனைவது குறைந்துவிடும் பிள்ளைகள் உண்டு. மகன் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளிக்குப் போகிறான், முக்குகிறானா என்று இந்த வாரம் கவனியுங்கள். முகாமில் பழக்கமில்லாத கழிவறையைப் பார்த்து இரண்டு நாளும் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் அதிகம் என்பதால், பப்பாளியும் வாழைப்பழமும் எடுத்துச் செல்லுங்கள். போய் இறங்கியதும் கழிவறையைப் பகல் வெளிச்சத்தில் அவனுக்குக் காட்டி, ஒருமுறை பயன்படுத்தவும் வையுங்கள்.

பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காட்டுக்குப் போனால், "கண்ட மரத்தடியில் ஒன்னுக்கு இருக்காதே, டத்தோ (அந்த இடத்தைக் காக்கும் தெய்வம்) கோபித்துக்கொள்வார்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை அதை இரவு முழுவதும் மனத்தில் வைத்துக்கொண்டு, சிறுநீர் முட்டியும் எழுந்து போக அஞ்சிப் படுத்திருப்பான். "எந்த நேரமானாலும் அப்பாவைத் தட்டி எழுப்பு, அப்பா கூடவே வருவேன், நமக்கென்று இருக்கும் கழிவறைக்குத்தான் போகப்போகிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமில்லாமல் போகும். கூடாரத்தையும் கழிவறைக்கு அருகில் போட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கும் முன் இரண்டு முறை சிறுநீர் கழிக்கட்டும்: உடை மாற்றும்போது ஒருமுறை, கதையெல்லாம் முடிந்து படுக்கப்போகும் நொடியில் இன்னொரு முறை. பிறகு பெரியவர்கள் உறங்கப்போகும் பதினொரு மணியளவில் கணவர் அவனை எழுப்பி ஒருமுறை அழைத்துப் போகலாம். இப்படி எழுப்புவது நோயைக் குணப்படுத்தாது, வீட்டில் மாதக்கணக்காகச் செய்யவும் தேவையில்லை; இரண்டு இரவைக் கடக்க மட்டும் உதவும். தூக்கிச் சுமந்து போகாமல், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைத் திறந்து நடக்கவைத்து அழைத்துப் போகவேண்டும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: புதிய இடத்தில் உறக்கம் ஆழமாக இராததால் சில பிள்ளைகள் முதல் இரவு நனைப்பதே இல்லை. "பார்த்தாயா, நினைத்தால் உன்னால் முடிகிறதே" என்று அப்போது யாரும் சொல்லிவிடக் கூடாது. மறுநாள் முழுவதும் ஆற்றில் ஆடிக் களைத்து இரண்டாம் இரவு நனைத்துவிட்டால், அந்தச் சொல் அவன்மேல் குற்றச்சாட்டாகத் திரும்பி வரும்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டெஸ்மோபிரெசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. நான் மேலே சொன்ன இரவு ஹார்மோனின் செயலையே அது செய்கிறது. மருத்துவரின் பரிந்துரையோடு மட்டும் கிடைப்பது. விழுங்கும் மாத்திரையாகவும் நாக்கின் அடியில் கரையும் மாத்திரையாகவும் வருகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு, விரைவாகக் குறுகிய காலப் பலன் தேவைப்படும்போது இதைக் கொடுக்கலாம். கொடுக்கப்படும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நல்ல பலன், இன்னொரு பங்கினருக்கு ஓரளவு பலன், மற்றவர்களுக்குப் பலனே இல்லை. உங்கள் மகன் எந்த வகை என்பதை வீட்டில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓடி வந்த ஒரு குடும்பத்துக்கு நான் இந்த மருந்தை எழுதிக் கொடுத்தேன். மாத்திரை காப்பாற்றும் என்று நம்பி மாற்று விரிப்போ உடையோ அவர்கள் எடுத்துப் போகவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லை. அந்தச் சிறுவன் ஈரக் கால்சட்டையோடு மற்றவர்கள் எழும்வரை கூடாரத்தின் மூலையில் நின்றுகொண்டிருந்ததை அவன் தாயார் சொன்னபோது, தவறு என்னுடையது என்று அவரிடமே ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து, வீட்டில் இரண்டு வாரமாவது கொடுத்துப் பார்க்காத மாத்திரையை முகாமுக்கு நான் அனுப்புவதில்லை. உங்களுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. விருப்பம் இருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

அவரைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு கணக்கோடு போனால் முடிவெடுப்பது எளிது. பகலில் அவன் நன்றாக அடக்கிக்கொண்டு போகும் சில வேளைகளில், அளவுக்கோடு போட்ட ஜாடியில் சிறுநீரைப் பிடித்து அளந்து எழுதுங்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், அந்த வயதில் சிறுநீர்ப்பை கொள்ளவேண்டிய அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். உங்கள் மகனுக்கு அது 240. இரவில் டயப்பர் அணிவித்து, காலையில் அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, புதிய டயப்பரின் எடையைக் கழித்துவிட்டால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில் இரவுச் சிறுநீரின் அளவு தெரிந்துவிடும். எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 310ஐத் தாண்டினால் இரவில் சிறுநீர் அதிகமாகச் சுரக்கும் வகை. அதில் இந்த மருந்து பலன் தர வாய்ப்பு அதிகம். பகலில் அளக்கும்போது 240க்கு வெகு குறைவாகவே இருந்துகொண்டிருந்தால் கவனிக்கவேண்டியது சிறுநீர்ப்பையின் கொள்ளளவை.

இந்த மருந்தில் ஓர் ஆபத்து உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுக்கக் கூடாது. சிறுநீரகம் நீரைப் பிடித்துவைத்திருக்கும் நேரத்தில் பிள்ளை நிறையத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், வாந்தி என்று தொடங்கி வலிப்புவரை போகக்கூடும். எனவே மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை ஒன்றிரண்டு மிடறுக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ காய்ச்சலோ இருக்கும் இரவில் மாத்திரையே கூடாது. பகல் முழுவதும் ஆற்றில் நனைந்து இரவில் தாகத்தோடு வரும் பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாட்டை உறுதியாகக் கடைப்பிடிக்க முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், மாத்திரை பலன் தந்திருந்தாலும் அன்றிரவு தவிர்த்துவிடுங்கள். மூக்கில் தெளிக்கும் வடிவத்தில் இந்தச் சோடியம் குறையும் ஆபத்து கூடுதல் என்பதால், அதைப் படுக்கை நனைத்தலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007இல் எச்சரித்திருக்கிறது. யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஈரம் பட்டதும் ஒலி எழுப்பும் கருவியைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1938இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் விவரித்த முறை அது; நீண்ட காலப் பலனுக்கு இன்றும் அதுவே மேலானது. ஆனால் இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யவேண்டியது, ஒவ்வோர் இரவும் வீட்டையே எழுப்புவது, கூடாரத்துக்கு ஒவ்வாது. முகாமிலிருந்து திரும்பியபின் அதைத் தொடங்குவதைப் பற்றி மருத்துவரோடு பேசுங்கள்.

உங்கள் மகனுக்குப் பகலில் தொல்லை இல்லை என்பதும், இது புதிதாக வந்ததல்ல என்பதும் ஆறுதலானவை. ஆறு மாதமோ அதற்கு மேலோ உலர்ந்திருந்த பிள்ளை மறுபடியும் நனைக்கத் தொடங்கினால், அடங்காத தாகமும் உடல் மெலிவும் இருந்தால், சிறுநீர் போகும்போது எரிந்தால், பகலிலும் கசிந்தால், இரவில் பலமாகக் குறட்டை விட்டால், நடையில் மாற்றம் தெரிந்தால், முகாமுக்காகக் காத்திராமல் உடனே காட்டவேண்டும். குறிப்பாகத் தாகமும் மெலிவும் சேர்ந்து வந்தால் நீரிழிவாக இருக்கலாம் என்பதால் அன்றைக்கே போகவேண்டும். அரசுச் சுகாதார நிலையத்தில் ஒரு ரிங்கிட் பதிவுக் கட்டணத்திலேயே சிறுநீர்ப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

மற்றப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்பதை நாம் இருவரும் முடிவுசெய்ய முடியாது, மகனிடமே கேளுங்கள். பெரியம்மாவிடமும் அத்தையிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாமா என்று அவனைக் கேட்டு, அவன் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் "யாராவது இரவில் எழுந்து உடை மாற்றினால் அதைப் பற்றிக் காலையில் பேசக்கூடாது" என்று பொதுவாகச் சொல்லிவைக்கலாம். பெயரைச் சொல்லத் தேவையில்லை. உன் பை மட்டும் ஏன் இவ்வளவு பெரிது என்று ஒன்பது வயது அண்ணன் கேட்டால் சொல்ல ஒரு பதிலை அவனே தேர்ந்தெடுக்கட்டும். "மாற்றுத் துணி" என்பது பொய்யும் அல்ல. அதற்கு மேலும் கேலி வந்தால், கேலி செய்தவனைத் தனியாக அழைத்துப் பேசவேண்டியவர் உங்கள் கணவர். தன் கதையை அவனுக்கும் சொல்லலாம்.

ரோத்தானைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். தினமும் விடியற்காலையில் மெத்தையைத் தூக்கி, துணியை ஊறவைத்து, பிறகு வேலைக்கும் ஓடும் ஒரு தாயின் சோர்வு எனக்குத் தெரியும். உங்களை நான் கடிந்துகொள்ளப்போவதில்லை. ஆனால் உறக்கத்தில் நடந்த ஒன்றுக்காக அடி வாங்கிய பிள்ளைக்கு, அடுத்த இரவு அடி விழாமல் இருக்கத் தான் என்ன செய்யவேண்டும் என்று விளங்குவதே இல்லை. செய்யக்கூடியது எதுவும் அவன் கையில் இல்லை. அவனிடம் போய், "அம்மா அடித்தது தவறு, உன்மேல் குற்றம் இல்லை, இனி இதற்காக அடிக்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். ரோத்தான் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்; அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.